பின்சீட்டுக்கு ஏற்ற டயர்

டயர் மாற்ற வேண்டும் என்று அவன் சொன்னது பொய்யில்லை. மாற்றத்தான் வேண்டியிருந்தது. எதற்காக என்பதைச் சொல்லாமல் விட்டான், அவ்வளவுதான்.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ரொட்டியை டீயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"சனிக்கிழமை காலையில நான் இருக்க மாட்டேன் மாமா. வண்டிக்கு டயர் மாத்தணும்."

மாமனார் செய்தித்தாளை நாலாக மடித்துத் தொடைமேல் வைத்தார். அவர் அப்படி மடித்தால் விஷயம் பெரிதாகப் போகிறது என்று அர்த்தம்.

"நாலுமா?"

"நாலும்."

"நானே சொல்லணும்னு இருந்தேன் மாப்ள. நீங்களா சொல்லட்டும்னு விட்டேன். எந்தக் கடை? என்ன டயர்? யாரையாவது கேட்டீங்களா?"

"போய்ப் பாத்துக்கலாம்."

"போய்ப் பாக்குறதா? செருப்பு வாங்கவே நாலு கடை ஏறுறோம். நீங்க வேலையைப் பாருங்க. நான் விசாரிக்கிறேன்."

உள்ளே அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "போச்சு. இனி இந்தத் தெருவுல ஒரு வண்டி நிம்மதியா நிக்க முடியாது."

அவன் சிரித்துவைத்தான். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

வண்டியை ஒரு பல் டாக்டர் வாங்கப் போகிறார். பார்த்தார், ஓட்டினார், பிடித்துவிட்டது. "டயர் மட்டும் நாலும் வழுக்கையாயிடுச்சு. புதுசு போட்டுக் குடுத்துடுங்க. எந்த டயரா இருந்தாலும் சரி" என்றார். அவனுக்குப் பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் பார்க்கும் வேலை. போன மாதம் அனுப்பிய டப்பாவின் வெள்ளையும் இந்த மாத வெள்ளையும் ஒன்றுதானா என்று விளக்கடியில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனி ரயிலில் ஒரு பகல் தூரத்தில் புதுத் தொழிற்சாலை திறக்கிறது. வீடும் வண்டியும் அவர்களே தருகிறார்கள். வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். வீட்டில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தது.

அது மாமனார் வீடு. கல்யாணமானபோது மாடி அறையில் குடியேறினான். மனைவி அவர்களுக்கு ஒரே பெண். போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தலைக்கு ஏறியது. மழை விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு போங்கள் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. இருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. காலையில் டீ மூன்று தம்ளரில் வந்தது. நாலாவது தம்ளர் எங்கே போனது என்று அவன் கேட்டதில்லை.

பிறகு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கி அனுப்பினார்கள். செவ்வாயும் வெள்ளியும் கிளினிக்குக்குப் போய் உடற்பயிற்சி செய்ய வேண்டும். போகாவிட்டால் இடுப்பு இறுகிப்போகும், படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். வண்டியின் பின்சீட்டில் இரண்டு தலையணை போட்டு அவன்தான் கூட்டிக்கொண்டு போவான். ஒருமுறை வாடகை ஆட்டோவில் போய்விட்டு வந்து இரண்டு நாள் புரண்டு படுக்க முடியாமல் கிடந்தார். மாமனாருக்கு ஓட்டத் தெரியாது. அவன் போய்விட்டால் செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்பதை அவன் யோசிக்காமல் இல்லை. யோசித்து, யோசித்த இடத்திலேயே விட்டுவிடுவான்.

மாமனார் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்றவர். வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு எண்ணைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது. தெருவில் அவர் பெயரே மீட்டர்தான். பாதி பேட்டரியிலும் பாதி பெட்ரோலிலும் ஓடும் அந்த வண்டி வீட்டுக்கு வந்தபோது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கண்ணாடிக்குக் கீழே எண் காட்டுவதைப் பார்த்துச் சொக்கிப்போனார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதே கேள்வி. "இன்னிக்கு எவ்ளோ குடுத்துச்சு மாப்ள?" கூடியிருந்தால் அன்றைக்குச் சோறு கூட இறங்கும். மகள் இருந்தபோது, "அப்பா, பரீட்சையில என் மார்க்கக்கூட நீங்க இப்படிக் கேட்டதில்ல" என்பாள்.

சனிக்கிழமைக்கு முன் இருந்த இரண்டு நாளில் மாமனார் பார்க்காத ஆளில்லை. சலூன்காரரைக் கேட்டார். மருந்துக்கடைக்காரரைக் கேட்டார். வங்கி வாசலில் நின்ற கார்களின் டயரையெல்லாம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்திருக்கிறார். காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டான்.

"காத்தைப் பிடுங்க வந்த ஆளுன்னு நெனச்சிட்டான் மாப்ள. 'பெரியவரே, இந்த வயசுல இது தேவையா?'ங்கிறான்."

"கேட்டது நியாயம்தான்" என்றார் மாமியார்.

"உனக்காகத்தான்டி பாத்துட்டு வரேன். சனிக்கிழமை நீயும் வர."

"டயர் கடைக்கா? நான் வந்து என்ன பண்ண?"

"பின்னாடி உக்காரப் போறவ யாரு, நீயா நானா? புடவை எடுக்க மட்டும் கூடவே வருவல்ல?"

அவன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். வெயில், நாற்றம், உட்கார இடம் இருக்காது என்றான். தலையணையை எடுத்துக்கொண்டு போனால் ஆயிற்று என்றார் மாமனார்.

சனிக்கிழமை வெயில் இல்லை. தூறிக்கொண்டிருந்தது.

கடை மேம்பாலத்துக்குக் கீழே இருந்தது. வாசலில் டயர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. உள்ளே நுழைந்ததும் புது ரப்பர் வாசனை தொண்டையில் போய் உட்கார்ந்தது. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு. மாமியார் பிடித்துப் பிடித்து இறங்குவதைப் பார்த்ததும், கேட்காமலே நாற்காலியைத் துடைத்துக் காற்றாடிக்குப் பக்கத்தில் போட்டார்.

"என்ன வண்டி?"

"பாதி பேட்டரி, பாதி பெட்ரோல்" என்றார் மாமனார், தானே செய்து எடுத்துவந்ததுபோல.

முன்பே வந்து காத்திருந்த டாக்சிக்காரர் ஒருவர் பல் குத்திக்கொண்டே திரும்பினார். "ரெண்டு பொண்டாட்டி வண்டின்னு சொல்லுங்க. நம்ம வண்டியும் அதேதான். ஒருத்தி சத்தமில்லாம வேலை பாப்பா, இன்னொருத்தி உறுமிக்கிட்டே வருவா. நாம எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நடுவுல உக்காந்திருக்கணும். சார் வீட்ல எத்தனை?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்சிக்காரர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"டயரைப் பாருங்கம்மா" என்றார் மாமனார்.

கடைக்காரம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்டயரின் பள்ளத்தில் விரலை விட்டார். விரல் உள்ளே போகவில்லை.

"நல்லா பிழிஞ்சிருக்கீங்க. ஓரம் தேயல, பாருங்க. நடுவுலதான் தேஞ்சிருக்கு. மெதுவா ஓட்டுற கை. ஆனா காத்து மட்டும் கூட வெச்சிருக்கீங்க. மைலேஜுக்கா?"

"ஆமா" என்றார் மாமனார். "சொல்றதுக்கு மேல ரெண்டு மூணு கூட வெப்போம். காத்து கூடினா மைலேஜ் கூடும்னு சொன்னாங்க. கூடுச்சே!"

"கூடும். டயர் பாறை மாதிரி நின்னா கூடத்தான் செய்யும். ஆனா ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கல்லும் நேரா மேல வரும். அம்மாவுக்கு முதுகா?"

"தகடு வெச்சிருக்கு" என்றார் மாமியார்.

"அப்போ இவ்ளோ நாளா எப்படித்தான் உக்காந்து வந்தீங்களோ."

மாமனார் குனிந்து முன்டயரைத் தொட்டுப் பார்த்தார். கிளினிக்குக்குப் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, "ரெண்டு கூட வைங்க தம்பி" என்று ஒவ்வொரு முறையும் சொன்னது அவர்தான். பின்சீட்டில் மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த நாட்களிலும் கண்ணாடிக்குக் கீழே எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காற்றுக் கூடினால் வண்டி குலுக்கும் என்று அவனுக்குத் தெரியும். படித்தவன். தெரிந்துதான் சும்மா இருந்தான். யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்லத் தோன்றாத மாதங்கள் அவை. மாமனாருக்குச் சந்தோஷம் என்று இருந்தது அந்த எண் ஒன்றுதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான். அத்தையின் முதுகில் ஏறித்தான் அந்தச் சந்தோஷம் வந்தது என்பது தெரியாமல் இல்லை.

"ஏன்டி, வலிக்குதுன்னு சொல்ல மாட்டியா?" என்றார் மாமனார்.

"முதுகு வலிக்குதுன்னு தினமும்தான் சொல்றேன். டயர் வலிக்குதுன்னா சொல்லுவாங்க?"

டாக்சிக்காரர் இப்போது தைரியமாகச் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. கடைக்காரம்மாவிடம் திரும்பி, "மைலேஜ் போனா போகட்டும்மா. மெத்துன்னு இருக்கிறதா எடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவன் கேட்டதே இல்லை.

"பொறுங்க பெரியவரே. மைலேஜ், மழையில பிடிப்பு, மெத்தை. மூணுல ரெண்டு கேளுங்க, குடுக்கிறேன். மூணும் வேணும்னா டயர் செய்றவனுக்கே இன்னும் வரல. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. வண்டிய இன்னும் எத்தனை வருஷம் வெச்சுக்கப் போறீங்க?"

கேள்வி அவனைப் பார்த்துத்தான் வந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாயெடுத்தான்.

"இருக்கிற வரைக்கும்" என்றார் மாமனார்.

"வண்டியா, நீங்களா?"

"ரெண்டும்தான்."

கடைக்காரம்மா சிரித்தார். "இவரு உங்க பையனா?"

"மாப்பிள்ளை" என்றார் மாமனார். சற்று நிறுத்தி, "அப்படியே வெச்சுக்கோங்களேன்" என்றார்.

அவன் கடையின் மூலைக்கு நகர்ந்தான். அங்கே ஓரமாக ஒரு அடுக்கு இருந்தது. பளபளவென்று, எண்ணெய் தடவியதுபோல. விலை எழுதிய அட்டை தொங்கியது. மற்றவற்றில் பாதிகூட இல்லை.

"இது எப்படி?" என்றான்.

"அதுவா? அது விக்கிற வண்டிக்குப் போடுறது சார். பாக்க ஜம்முன்னு இருக்கும். உக்காந்தா கல்லு. வண்டியக் கைமாத்துறவங்க வந்து கேப்பாங்க, அவங்களுக்காக வெச்சிருக்கேன். உங்களுக்கு எதுக்கு?"

டயர் மேலிருந்த கையை அவன் எடுத்துக்கொண்டான். விரலில் மினுமினுப்பு ஒட்டியிருந்தது. கால்சட்டையில் துடைத்தான். போகவில்லை.

கடைக்காரம்மா இரண்டு டயரை உருட்டி வந்து மாமியார் நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார். ஒன்று மைலேஜும் பிடிப்பும். இன்னொன்று பிடிப்பும் மெத்தையும். மாமனார் இரண்டாவதன் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்களையெல்லாம் விரல் வைத்துப் படித்தார். அகலம், உயரம், எந்த வாரம் செய்தது என்பது வரைக்கும். மீட்டர் பெட்டிக்கு முன்னால் நிற்பதுபோலவே கழுத்தைச் சாய்த்திருந்தார்.

"நீ சொல்லு" என்றார் மனைவியிடம்.

"எனக்கு என்ன தெரியும்? மாப்ள தம்பி சொல்றதைப் போடுங்க. கிளினிக் இன்னும் நாலஞ்சு மாசம். அதுக்குப் போய் இவ்ளோ விலையில எதுக்கு?"

"அதுக்கப்புறம்? அதுக்கப்புறம் எங்கேயும் போக மாட்டியா? உன் தங்கச்சியப் பாத்து எவ்ளோ நாளாச்சு? குலுங்குமே, குலுங்குமேன்னுதான போகல."

தங்கை வீட்டுக்கு நாலு மணி நேரப் பயணம். மகள் காரியத்துக்கு வந்தபோது பார்த்ததுதான். மாமியார் குனிந்து, டயரில் புதிதாக முளைத்ததுபோல நின்ற ரப்பர் மயிர்களை ஒரு விரலால் வருடினார். "குழந்தைத் தலை மாதிரி இருக்கு" என்றார்.

அவனுக்கு நெஞ்சில் எதுவும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

"இதையே போடுங்க" என்றான். "மெத்தையே போடுங்க."

பல் டாக்டர் எந்த டயரையும் கேட்கவில்லை. மூலையில் இருந்ததே போதும். ஆனாலும் கார்டை எடுத்து நீட்டினான். நீட்டியபோது கொஞ்சம் இலேசாக இருந்தது. கொடுக்க வேண்டிய எதையோ கொடுத்துவிட்டதுபோல. அந்த இலேசுக்காகத்தான் வாங்கினான் என்று அவனுக்கே தெரிந்தது.

ஃபிட்டர் வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். நட்டுகள் கழன்று தகரத் தட்டில் விழுந்தன. பழைய டயரை மெஷினில் படுக்கவைத்து, கம்பியால் நெம்பி விளிம்பிலிருந்து உரித்தார். உள்ளே அடைந்திருந்த காற்று புஸ்ஸென்று ஒரு பழைய நாற்றத்தோடு வெளியேறியது. புது டயரின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, முட்டி வைத்து அமுக்கினார். பம்பு ஓடியது. டயர் விளிம்பில் போய்ப் பொருந்தியபோது துப்பாக்கிபோல இரண்டு சத்தம். மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு சக்கரத்தைச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் கனம் குறைகிறது என்று பார்த்து, நகத்தளவு ஈயத்துண்டை விளிம்பில் ஒட்டினார்கள்.

டீயும் பன்னும் வந்தன. மாமனார் எல்லோருக்கும் வாங்கினார். டாக்சிக்காரருக்கும்.

"காத்து எவ்ளோ வெக்கட்டும்?" என்றார் ஃபிட்டர்.

"எவ்ளோ சொல்லியிருக்கோ அவ்ளோதான்" என்றார் மாமனார் உடனே. "ஒண்ணுகூடக் கூட வேணாம்."

தூறல் விட்டிருந்தது. மாமனார் முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மேம்பாலத்துக்கு அடியில் சாலை பெயர்ந்து கிடந்தது. வழக்கமாக அந்த இடத்தில் வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் பேசும். இன்று எதுவும் சொல்லவில்லை.

"வண்டி ஓடுதா, இன்னும் ஜாக்கியிலயே நிக்குதா?" என்றார் மாமியார் பின்னாலிருந்து.

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். "எப்படி இருக்கு?"

"எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சுங்க."

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தங்கச்சிக்கு போன் போடு. அடுத்த ஞாயித்துக்கிழமை வரோம்னு சொல்லு. மாப்ள, உங்களுக்கு லீவுதான? காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

"இப்பவேவா?"

"இப்பவே போடு. அப்புறம் நீ நூறு சாக்கு சொல்லுவ."

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினான். நிறுத்தியதும் எஞ்சின் தானாக அணைந்தது. எந்தச் சத்தமும் இல்லை. பின்னால் மாமியார் பையைத் திறப்பதும், கண்ணாடியைத் தேடி மாட்டுவதும், போனின் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ஒலிப்பதும் கேட்டன.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பல் டாக்டர் வீட்டில் நிற்கும்.

"போன் போடாதீங்க அத்தை" என்றான்.

பொத்தான் சத்தம் நின்றது.

"ஏன் தம்பி? லீவு இல்லையா?"

"வண்டிய விக்கப் போறேன். புதன்கிழமை குடுக்கணும். எனக்கு வேற ஊர்ல வேலை. மாசக் கடைசியில போகணும்."

ஒன்றை மறைக்க எத்தனையோ நாள் ஆனது. சொல்ல ஒரு மூச்சு ஆகவில்லை. ரயில் வந்தது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அது முடியக்கூடாது என்று இருந்தது அவனுக்கு. முடிந்தது.

"எப்போ முடிவாச்சு?" என்றார் மாமனார்.

"போன மாசம்."

"யாரு வாங்குறது?"

"ஒரு பல் டாக்டர். டயர் மாத்திக் குடுக்கச் சொன்னார்."

மாமனார் தலையாட்டினார். மீட்டரில் எண் சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோல இரண்டு முறை.

"ஜாகை குடுக்கிறாங்களா?"

"குடுக்கிறாங்க."

"சாப்பாடு?"

"பாத்துக்கலாம்."

"அங்கேயும் போய்ப் பாத்துக்கலாம்தானா?" என்று அவர் கேட்டபோது அதில் கோபம் இல்லை.

மாமியார் பின்னாலிருந்து, "அவ துணியெல்லாம் என்ன பண்ணப் போறீங்க தம்பி?" என்றார்.

அவன் அதை யோசித்திருக்கவில்லை. "விட்டுட்டுப் போறேன் அத்தை."

"சரி" என்றார். பை மூடும் சத்தம் கேட்டது.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டி சத்தமில்லாமல் தண்டவாளத்தைத் தாண்டியது. தாண்டியதே தெரியவில்லை. அப்போதுதான் மாமனார் கேட்டார்.

"அப்போ எதுக்கு மாப்ள இவ்ளோ நல்ல டயர்?"

"நீங்க ஆசைப்பட்டீங்க."

"நான் ஆசைப்பட்டது இவ உக்காந்து போறதுக்கு. பல் டாக்டருக்கு முதுகுல என்ன?"

அவன் பார்வையைச் சாலையிலேயே வைத்து ஓட்டினான்.

"வண்டியத் திருப்புங்க."

"எங்க மாமா?"

"கடைக்குத்தான். விக்கிற வண்டிக்கு யாராவது இவ்ளோ கொட்டுவாங்களா? புது ஊரு. போன உடனே ஒரு அடுப்பு வாங்கணும், ஒரு கட்டில் வாங்கணும். எவனோ ஒருத்தன் மெத்துன்னு போக நீங்க ஏன் காசு அழணும்?"

"பரவால்ல மாமா. இருக்கட்டும்."

"திருப்புங்கன்னு சொல்றேன்ல." அவர் குரல் ஏறியது. அவனிடம் அவர் குரல் ஏறியது அதுதான் முதல் தடவை.

திருப்பினான். திருப்பும்போது கையில் ஸ்டீயரிங் வெண்ணெயாகச் சுற்றியது. நல்ல டயர்தான்.

கடைக்காரம்மா அவர்களைப் பார்த்ததும், "என்னத்தை விட்டுட்டுப் போயிட்டீங்க?" என்றார்.

"டயரை மாத்தணும்மா" என்றார் மாமனார். "இவளுக்கு ஒத்துக்கல."

"ஒத்துக்கலையா? என்ன பெரியவரே, இப்பத்தான போனீங்க? என்ன செய்யுதாம்?"

மாமனார் தடுமாறினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "ரொம்ப... மெத்துன்னு இருக்குதாம்."

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் குனிந்து பார்த்தார். "ஆமாவாம்மா?"

மாமியார் தலையணையில் சாய்ந்திருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. "ஆமாம்மா" என்றார். "தூக்கம் தூக்கமா வருது. வழியெல்லாம் பாக்க முடியல."

"ரோட்டைத் தொட்ட டயரை நான் திருப்பி எடுத்தா, யார்கிட்ட புதுசுன்னு விப்பேன்? இங்க பாருங்க, நடுவுல இருந்த மயிரெல்லாம் உதிர்ந்துபோச்சு."

அவனுக்கு ஒரு கணம் நிம்மதி. எடுக்க மாட்டார்கள். இந்த டயரிலேயே இவர்களை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். புதன்கிழமை வரைக்குமாவது.

ஜாக்கியில் தூக்கிய தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர், "அதே சைசுதானக்கா?" என்றார். "கொஞ்சம் விலையைக் குறைச்சீங்கன்னா என் வண்டிக்குப் போட்டுடுங்க. மைலேஜ் போனாலும் போகட்டும், ஏர்போர்ட் சவாரியெல்லாம் தூங்கிட்டு வரட்டும்."

அதோடு முடிந்தது.

"அப்போ உங்களுக்கு எது?" என்றார் கடைக்காரம்மா.

மாமனார் மூலையைக் காட்டினார். பளபளவென்றிருந்த அடுக்கை.

கடைக்காரம்மா அந்த அடுக்கைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டு, "நாலு எடுத்து உருட்டு" என்று ஃபிட்டரிடம் சொல்லிவிட்டுக் கல்லாப் பக்கம் போனார்.

மறுபடி ஜாக்கி. மறுபடி நட்டுகள். மாமியாருக்கு இந்தத் தடவையும் நாற்காலி போட்டார்கள். யாரும் டீ சொல்லவில்லை. மாமனார் எந்த எண்ணையும் படிக்கவில்லை. வாசலில் நின்று மேம்பாலத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரம்மா மீதியைக் கார்டில் திருப்பிப் போட்டார். போனில் வந்த தொகையை அவன் பார்த்தான். ஒரு கட்டில் வாங்கலாம் என்ற நினைப்பு, அவன் தடுப்பதற்குள் ஓடி வந்துவிட்டது.

"சாரி மாமா" என்றான் வாசலுக்குப் போய்.

"எதுக்கு?"

எதற்கென்று அவனால் சொல்ல முடியவில்லை. நிறைய இருந்தது. மாமனார் கொஞ்ச நேரம் காத்திருந்தார், வரும் என்பதுபோல. பிறகு, "போற ஊர்ல குளிரும்னு சொல்லுவாங்க. போர்வை எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வண்டி தயாரானது. மாமியாரைக் கைத்தாங்கலாக ஏற்றித் தலையணையைச் சரிசெய்தான். சுற்றி வந்து முன்கதவைத் திறந்துவிட்டு நின்றான். மாமனார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் பின்கதவைத் திறந்து, குனிந்து, மனைவிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"முன்னாடி வாங்க மாமா. அங்க இடம் நெருக்கும்."

"இருக்கட்டும். இது கல்லு டயரு. இவளை யாராவது பிடிச்சுக்கணும்ல."

ஒரு கையை மனைவியின் முதுகுக்குப் பின்னால் கொடுத்தார். இன்னொரு கையால் ஜன்னலுக்கு மேலிருந்த பிடியைப் பற்றினார். மாமியார் அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடினார். பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. அவன் பட்டனை அழுத்தினான். வண்டி உயிர்பெற்றதற்கு அடையாளமாகப் பச்சை விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. மேம்பாலத்துக்கு அடியில் பள்ளங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் அவன் பிரேக்கில் காலை வைத்தான். கண்ணாடியில் இரண்டு தலைகளும் தெரிந்தன. எந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளமாக இருந்தது. நின்றுவிட்டான்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நீங்க ஓட்டுங்க மாப்ள" என்றார் மாமனார். "நாங்க பிடிச்சுக்கிறோம்."